அடி தெரியும் தண்ணீர்

தண்ணீர் பச்சையாகிவிட்டால் எல்லோரும் முதலில் அதை வடித்துவிடத்தான் பார்ப்பார்கள். அது தப்பு. எங்கள் பெருங்களத்தூர்ப் பக்கம் பாதி மனைகள் ஒரு காலத்தில் ஏரியோடு சேர்ந்தவை. மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அந்த நேரத்தில் நீச்சல் குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து ஊற்று முட்டித் தரையைப் பிளந்துவிடும். இருக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டே அதைச் சுத்தம் செய்ய வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கேட்காததையெல்லாம் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள், ரோஹிணி. இன்ஸ்பெக்டர் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், தெரியும். உங்கள் வயதில் எனக்கு ஏகப்பட்ட மாணவிகள், வாய் தானாகப் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். வகுப்பில் நோட்ஸ் கொடுத்துப் பழகியவள் நான், நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். அவர் 'ஞானஸ்நானம்' என்ற வார்த்தையை எப்படி எழுதுகிறார் என்று மட்டும் கடைசியில் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அது இந்த விஷயத்தில் முக்கியமான வார்த்தை.

என் பெயர் ரத்தினபாய். ப்ளஸ் டூ பெண்களுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள். கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது விருப்ப ஓய்வு வாங்கினேன். அவர் பெயர் எலியேசர். போன அக்டோபரில் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் வீல்சேரோடு விழுந்து இறந்துபோனார். நீங்கள்தான் வந்து விசாரித்தீர்கள். பிரேக் வழுக்கிவிட்டது, விபத்து என்று முடித்தீர்கள். ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தீர்கள். உங்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு எழுதியதில் ஒன்றிரண்டு திருத்தங்கள் இருக்கின்றன, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எலியேசர் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர். நீச்சல். மாநில அளவில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறார், பேச்சில் மட்டும் அவை எப்போதும் தங்கமாக இருக்கும். நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை வாங்கினோம். ஒன்றில் வீடு கட்டினோம். இன்னொன்றில் ஊரில் எல்லோரும் செய்வதுபோல நாலு போர்ஷன் போட்டு வாடகைக்கு விடலாம் என்றேன். அவர் நீச்சல் குளம் கட்டினார். தெருவே வாயில் கைவைத்துச் சிரித்தது. அவருக்கு அதுவும் பெருமைதான். வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு சின்ன கேட், கேட்டுக்கு மேலே ஒரு கொக்கி. குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னவள் நான்.

குழந்தை என்றால் கிறிஸ்டினா. எனக்கு நாற்பது வயதாகும்போது பிறந்தவள். இருந்திருந்தால் இந்த வருஷம் காட்டாங்குளத்தூரில் காலேஜ் சேர்ந்திருப்பாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். தலைக்கு ஊற்றும்போதே கத்தி ஊரைக் கூட்டுவாள். நீச்சல்காரன் மகள் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவது அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. இளஞ்சிவப்பில் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கி வந்தார். அதைப் பார்த்தாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள்.

பெருவெள்ளம் வந்த அந்த டிசம்பரில் குளத்து மோட்டார் எரிந்துபோனது. சரி செய்கிறேன், சரி செய்கிறேன் என்று நாளைக் கடத்தினார். மார்ச்சுக்குள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசிப் பச்சை இல்லை, அதற்கும் மேலே. கையை விட்டால் மணிக்கட்டு வரைதான் தெரியும், விரல் தெரியாது. ஏப்ரலில் நான் விடைத்தாள் திருத்தப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காலை கிறிஸ்டினா என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "நானும் வரேன் மம்மி" என்று நின்றாள். திருத்தும் இடத்தில் குழந்தைகளை விடமாட்டார்கள். டாடியோடு இரு என்று சொல்லி, பையை இழுத்துக்கொண்டேன். குளத்துப் பக்கம் கொடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மத்தியானம் போன் வந்தது. பந்தை எடுக்கப் போய்க் குழந்தை வழுக்கி விழுந்துவிட்டாள், அவர் உள்ளே டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார், சின்ன கேட் திறந்து கிடந்தது. தெரு ஆண்கள் நாலைந்து பேர் இறங்கிக் காலால் துழாவித்தான் அவளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் வேறு வழியில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அவர் என்னிடம் சொன்னார், "கொக்கி போடாம போயிட்டியே ரத்னா."

எனக்குப் போட்ட ஞாபகம் இருந்தது. ஆனால் போட்டதாக ஞாபகம் இருப்பதும் போட்டதும் ஒன்றாகிவிடாது. அறிவியல் படித்தவள், என் மேல் சந்தேகப்பட எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு ஓடும் அவசரம், ஈரத் துணி வாளி, மறந்திருக்கலாம். மறந்திருப்பேன். மறந்துவிட்டேன். இப்படித்தான் படிப்படியாக அந்த முடிவுக்கு வந்தேன்.

ஒன்பது வருஷம் அப்படியே போனது. அவர் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு முற்றினால் "கொக்கி" என்பார். ஃபேனை அணைக்க மறந்தால் கொக்கி. தங்கை மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டால் கொக்கி. அந்த ஒரு வார்த்தை விழுந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். படுத்த பிறகு எழுந்துபோய் காஸ் அடுப்பைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், திரும்பவும் காஸைப் பார்ப்பேன். பள்ளியில் ஆசிட் அலமாரியைப் பூட்டிவிட்டு வந்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். பெண்கள் எனக்கு 'ரெண்டு பூட்டு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள்.

குளத்தை யாரும் தொடவில்லை. தவளையும் கொசுவுமாகக் கிடந்தது. கொசு மருந்து அடிக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறலாக வரும், ஆனால் புரியும். பார்த்துக்கொள்ளப் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து கன்னியம்மா வந்தாள். இரண்டு பஸ் மாறி வருவாள். நல்ல பெண். அவரைத் தூக்கி உட்காரவைத்து, நாற்காலியில் பெல்ட் கட்டி, சோறு ஊட்டி எல்லாம் அவள்தான். நானும் செய்தேன். முகம் சுளிக்காமல் செய்தேன். பிள்ளையைக் கொன்றவளுக்கு அதையாவது செய்யும் கடமை இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் பாஸ்டர் ஜெபகுமார் வர ஆரம்பித்தார். இந்த இடத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்த சபையில் கைக்குழந்தைக்கே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பாஸ்டர் ஜெபகுமார் நடத்துவது வேறு, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட சபை. அங்கே தெளிப்பதெல்லாம் செல்லாது. விவரம் தெரிந்தபிறகு, செய்த பாவத்தை அறிக்கையிட்டு, சபையார் முன்னால் சாட்சி சொல்லி, உடம்பு முழுவதும் தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். பழைய மனுஷன் தண்ணீருக்குள் செத்துப்போகிறான், புது மனுஷன் எழுந்து வருகிறான் என்பார்கள். அதற்குப் பிறகு பழைய மனுஷன் செய்த எதையும் யாரும் கேட்கக் கூடாது.

எலியேசருக்கு அந்த முழுக்கு வேண்டும் என்றாகிவிட்டது. சபையார் இதற்குக் கோவளம் கடற்கரைக்குப் போவார்கள். மணலில் வீல்சேர் போகாது. தொட்டியில் உட்காரவைக்கலாம் என்றார் பாஸ்டர். இவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "வீட்லயே இருக்கே" என்றார்.

நானே சுத்தம் செய்கிறேன் என்றேன். ஆள் வைக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். என் கைமறதியால் போன பிள்ளை. அந்தத் தண்ணீரை என் கையாலேயே தெளியவைப்பது எனக்கும் ஒரு முழுக்கு மாதிரி இருக்கும் என்று பட்டது. அப்போது எனக்கு அவர் மேல் துளிக் கோபம் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பாவம் மனுஷன், மன்னிப்பு தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். எதற்கு மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை.

புது மோட்டார் வைத்தோம். முதலில் நீளக் கம்பு வலையால் இலை, சருகு, செத்த தவளை எல்லாவற்றையும் வாரினேன். சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன், சுவரோடு ஒட்டியிருக்கும் பாசியை மருந்து தொடாது. அப்புறம் குளோரின். எல்லோரும் ஒரு கை போட்டுவிட்டு நாளைக்கு நீலமாகிவிடும் என்று காத்திருப்பார்கள். ஆகாது. தண்ணீர் தன் அழுக்கை முழுக்கக் கக்கும்வரை விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை போய் வெளுப்பு வரும், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. அந்த நிலையில் பார்க்கிறவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். கன்னியம்மாவும் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா இது, மோரு கணக்கா ஆயிட்ச்சு. பச்சையா கீறப்பவே தேவல போலகீதே."

"பாசி செத்துப்போச்சு கன்னியம்மா. செத்தது மிதக்குது. அடியில உக்காந்ததும் எடுத்துடலாம்."

"இன்னாவோ போ. அய்யா நாற்காலி பிரேக்கு வேற லூசா கீது. சைக்கிள் கடையாண்ட காட்டணும்."

காட்டு என்றேன். நாளைக்கு என்றாள். அவள் மகளுக்குக் காய்ச்சல், அந்த வாரம் அவளுக்கு ஓட்டம்தான்.

அடியில் படிந்த சேற்றை வலையால் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. கறுப்பாக ஏதோ ஒரு கட்டி. கழுவிப் பார்த்தேன். ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது, பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. இளஞ்சிவப்பு. பந்தை எடுக்கப் போகிற குழந்தை நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு போகமாட்டாள். அதுவும் கிறிஸ்டினா அதைத் தானாகத் தொடவே மாட்டாள்.

ஈரக் கையோடு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது எப்படி அடியில இருக்கு?" என்று கேட்டேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வடிந்தது, துடைத்துவிட்டேன். "பாஸ்டரக் கூப்பிடு" என்றார்.

பாஸ்டர் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். சமையலறையில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஜெபச் சத்தம் கேட்டது, அப்புறம் அழுகை, அப்புறம் ஸ்தோத்திரம். வெளியே வந்தபோது பாஸ்டரின் முகம் பரீட்சையில் தேறிய பையன் முகம்போல இருந்தது.

"அக்கா, ஐயா எல்லாத்தையும் இறக்கி வெச்சுட்டார். சனிக்கிழமை சாட்சியில அவரே சொல்லுவார். திடீர்னு சபையில கேட்டா உங்களுக்கு அதிர்ச்சியாயிடக் கூடாது, அதனால முன்னாடியே சொல்லிடுறேன்" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "கொக்கி போட்டுத்தான் இருந்துச்சாம்க்கா."

மிச்சத்தையும் சொன்னார். எலியேசர்தான் கொக்கியை எடுத்திருக்கிறார். கண்ணாடியை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடி தெரியாத தண்ணீரில் பயம் விட்டுப்போனால் அப்புறம் எந்தத் தண்ணீரிலும் பயம் இருக்காது, அது அவருடைய பாடத்திட்டம். ஆழமான பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறார். அவள் ஒருமுறை மேலே வந்து டாடி என்று கூப்பிட்டிருக்கிறாள். இரக்கப்பட்டால் பழகமாட்டாள் என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. குதித்துத் தேடியிருக்கிறார், பச்சையில் ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் ஏறி வந்து, ஈரத்துணியை மாற்றி, டிவியைப் போட்டுவிட்டுத்தான் தெருவைக் கூப்பிட்டிருக்கிறார். சின்ன கேட்டைத் திறந்தே விட்டிருக்கிறார்.

"ஆண்டவர் மன்னிச்சுட்டார்க்கா. நீங்களும் மன்னிச்சுட்டா இந்த வீட்டுக்கே விடுதலை" என்றார் பாஸ்டர்.

காபி சாப்பிடுகிறீர்களா பிரதர் என்று கேட்டேன். சாப்பிட்டார். சர்க்கரை தூக்கலாக இருப்பதாகச் சொன்னார்.

இப்போது உங்களுக்குத் தோன்றுவது எனக்குத் தெரியும். கோபத்தில் செய்துவிட்டாள் என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதாதீர்கள். கோபமாக இருந்திருந்தால் அன்றைக்கே தலையணையை எடுத்திருப்பேன். நான் காத்திருந்தேன். அவர் வாயால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நீ கொக்கி போட்டிருந்தாய். அவ்வளவு போதும். மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம். சோறு ஊட்டும்போது காத்திருந்தேன். துடைத்துவிடும்போது காத்திருந்தேன். அவர் நிம்மதியாக இருந்தார். குறட்டை விட்டுத் தூங்கினார். நான் பக்கத்து அறையில் எழுந்துபோய் காஸைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். கொக்கி போட்டிருந்தது என்று தெரிந்த பிறகும் எழுந்துபோய்ப் பார்த்தேன். அது எனக்கு ரொம்ப வலித்தது. ஒன்பது வருஷத்தில் என் உடம்பே அப்படி ஆகிவிட்டிருந்தது, அதை எந்தச் சாட்சி திருப்பித் தரும்.

வியாழக்கிழமை நானே கேட்டேன். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"பாஸ்டர் சொல்லியிருப்பாரே" என்றார்.

"அவர் சொன்னார். நீங்க சொல்லுங்க."

"கர்த்தர் மன்னிச்சுட்டார் ரத்னா. அது முடிஞ்சுபோச்சு."

எனக்குச் செய்ததை என்னைக் கேட்காமலே ஒருவர் மன்னித்துவிட்டார், இவரும் வாங்கிக்கொண்டுவிட்டார். அதுவும் எந்தத் தண்ணீரில். என் பிள்ளை மூச்சுமுட்டிச் செத்த தண்ணீரில் இறங்கி, இவர் சுத்தமாக ஏறி வரப்போகிறார். அந்தத் தண்ணீரை இவருக்காகத் தேய்த்துத் தேய்த்து வெளுக்கவைத்துக்கொண்டிருப்பது யார், நான். சுற்றி நின்று சபை கைதட்டும். வேதியியலில் இதற்கு இடமில்லை, ரோஹிணி. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லாமல் போனால் வேறிடத்தில் இருக்கும். இவரிடமிருந்து கழுவியது எங்கே போகும். அது என் தலையில்தான் இருக்கும்.

அந்த வாரம்தான் நான் ரொம்பப் பிரமாதமாக வேலை செய்தேன். படிகாரம் வாங்கிக் கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை அசையாமல் விட்டேன். மிதந்ததெல்லாம் பஞ்சுபோலத் திரண்டு கீழே படிந்தது. குழாய் வைத்து அடியோடு உறிஞ்சி எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் ஆழமான பக்கத்திலும் டைல்ஸ் கோடு தெரிந்தது. ஒரு ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். அந்த ஏப்ரலில் தண்ணீர் இப்படி இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருப்பாள். அதை நினைத்து அந்தக் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு ஸ்பேனரை எடுத்து வீல்சேர் பிரேக்கை நானே இறுக்கிவிட்டேன். முதல் திருத்தம் இதுதான். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. கன்னியம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் விழாவுக்குப் பூ வேண்டும் என்று அவளைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். மத்தியானம் நல்ல வெயில். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பெல்ட்டை வழக்கம்போலக் கட்டினேன், வழியில் விழுந்துவிடக் கூடாது. குளத்தைப் பார்க்கலாம் வாருங்கள் என்று தள்ளிக்கொண்டு போனேன். சின்ன கேட்டைத் தாண்டியதும் திரும்பிக் கொக்கியைப் போட்டேன். போட்டதை இழுத்தும் பார்த்தேன்.

சபையார் அவரை இறக்கவிருந்தது படிக்கட்டு உள்ள ஆழமில்லாத பக்கம். நான் ஆழமான கோடிக்குக் கொண்டுபோனேன். விளிம்பில் நிறுத்தி பிரேக் போட்டேன். அவர் குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அடி தெரியுது ரத்னா. நல்லா பண்ணிட்ட."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டேன், "அன்னிக்குக் கொக்கி போட்டிருந்துதா?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் எதுக்கு இப்ப. நாளைக்கு நான் புது மனுஷன்" என்றார்.

பிரேக்கை எடுத்தேன். தள்ளினேன். இது இரண்டாவது திருத்தம். துண்டு எடுக்க உள்ளே போயிருந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். நான் அங்கேதான் இருந்தேன். கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறதே, நீங்கள்கூட அதில் உட்கார்ந்து எழுதினீர்கள், அதில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி கனம், நேராக அடிக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கை நன்றாக இருந்ததல்லவா, அதை வைத்து பெல்ட்டைத் தேடினார். பழைய நீச்சல்காரர், மூச்சு கொஞ்சம் நீளமாகவே தாங்கியது. அண்ணாந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் மறைக்கவில்லை, தண்ணீர் அவ்வளவு தெளிவு.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் இந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டியதில்லை. வரவைத்தது பாஸ்டர்தான். அடக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, "நம்ம கையால குடுக்க வேண்டிய ஞானஸ்நானத்தை ஆண்டவரே தம்முடைய கையால குடுத்துட்டார். முழுகினவர் நேரா பரலோகத்துலதான் எழுந்திருக்கிறார்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அழுதார்கள், சந்தோஷத்தில். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், நீங்க ரெடி பண்ண தண்ணிக்கா என்று.

கல்லறைக்குக் கல் வெட்டவும் கொடுத்துவிட்டார்கள். முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று வரும். அந்த வரி வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று என் தலையில் கைவைத்து ஜெபம் செய்கிறார்கள். கிறிஸ்டினா கல்லுக்குப் பக்கத்திலேயே அது நிற்கப்போகிறது. அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. அவரை நான் மூழ்கடித்துக் கொன்றேன். ஒரு நாள் முன்னதாக, வேண்டுமென்றே, அந்த முழுக்கு கிடைக்கக் கூடாது என்றே செய்தேன். அடியில் இருந்தபோது அவர் உதடு அசைந்தது உண்மை. அது ஜெபம் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டார். சத்தம் கேட்கவில்லைதான், ஆனாலும் எனக்குத் தெரியும்.

கன்னியம்மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், பிரேக்கை அவள்தான் சரி செய்யாமல் விட்டாள் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அவளும் மார்பில் அடித்துக்கொண்டு, "நான்தாம்மா அய்யாவ சாவடிச்சிட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள். இப்போது எங்கும் வேலைக்குப் போவதில்லை என்று கேள்வி. சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தூக்கத்தில் எழுந்து, மகளுடைய சைக்கிள் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாளாம். போன வாரம் வந்து என் காலில் விழுந்தாள். ஆண்டவர் மன்னிப்பார் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்றைக்கே அவளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட வேண்டும் என்கிறீர்கள். அது உங்கள் இஷ்டம். அவசரம் என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை. அவளுக்கு மூன்று மாதம்தானே ஆகிறது. நான் ஒன்பது வருஷம் தாங்கினேன்.